கடலடிக்குப் போகிறவரிடம் ‘வேண்டாம்’ என்று சொல்வது யார்?

ஒரே நாளில் மூழ்கிய இரண்டு கப்பல்கள், ஆட்டுப் பண்ணைக்குள் உயிர் குடித்த குழிகள், டார்ச்சுக்குத் தடை போட்ட நீரூற்று... ஸ்கூபா டைவரின் அனுபவத்தையும் இறங்கும் இடத்தையும் பொருத்திப் பார்க்க உலகம் கற்ற பாடங்கள்.

1942 ஏப்ரல் 9. காலை பத்தரை மணி தாண்டியிருந்தது. மட்டக்களப்புக்கு அப்பால், கரை கண்ணில் படும் தூரத்தில், ‘எச்.எம்.எஸ். ஹெர்மிஸ்’ என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் திருகோணமலையை நோக்கித் திரும்பிக்கொண்டிருந்தது. ஜப்பானியர் குண்டு போடப் போகிறார்கள் என்ற எச்சரிக்கை வந்ததால் முதல் நாள் இரவே துறைமுகத்தை விட்டு விலகியிருந்த கப்பல் அது. பெயர்தான் விமானந்தாங்கி. அன்று அதன் தளத்தில் ஒரு விமானம்கூட இல்லை. வானத்திலிருந்து ஜப்பானியக் குண்டுவீச்சு விமானங்கள் செங்குத்தாகப் பாய்ந்தன. அரை மணி நேரத்துக்குள் கப்பல் கவிழ்ந்து மூழ்கியது. 307 பேர் மாண்டார்கள். அதே நாளில், அதே கடற்கரையோரம், ‘பிரிட்டிஷ் சார்ஜன்ட்’ என்ற எண்ணெய்க் கப்பலும் குண்டு வாங்கி, கல்குடாப் பக்கம் அடியில் போய்ச் சேர்ந்தது.

இன்று இரண்டு கப்பல்களையும் பார்க்க ஸ்கூபா டைவர்கள் வருகிறார்கள். ‘பிரிட்டிஷ் சார்ஜன்ட்’ கிடப்பது சுமார் 24 மீட்டர் ஆழத்தில். ‘ஹெர்மிஸ்’ கிடப்பது சுமார் 53 மீட்டரில். ஒரே நாள், ஒரே எதிரி, ஒரே கடல். நடுவில் 29 மீட்டர்தான் வித்தியாசம். ஆனால், முதல் கப்பலைப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே படகேறும் ஒருவர், அதே சிலிண்டரோடு இரண்டாவது கப்பலுக்குப் போனால் திரும்பி வராமல் போகலாம்.

அந்தமானில் தேனிலவு, புதுச்சேரியில் வார இறுதி, மாலத்தீவில் நிறுவனச் சுற்றுலா என்று ஸ்கூபா இப்போது நடுத்தரக் குடும்பங்களின் விடுமுறைப் பட்டியலில் ஏறிவிட்டது. இன்ஸ்டாகிராமைத் திறந்தால் யாராவது ஒருவர் தண்ணீருக்கடியில் கையசைக்கிறார். அடுத்து எழும் கேள்வியைத்தான் பலரும் கேட்பதில்லை: இந்த ஆள் இந்த இடத்தில் இறங்கலாமா? அதை முடிவு செய்வது யார்?

29 மீட்டர் செய்யும் வேலை

கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 24 மீட்டரில் உடல் மீது இருப்பது 3.4 மடங்கு அழுத்தம். 53 மீட்டரில் 6.3 மடங்கு. ஒவ்வொரு மூச்சுக்கும் அதே மடங்கு காற்று செலவாகும்.

வழக்கமாகத் தரப்படும் அலுமினிய சிலிண்டரில், 200 பார் அழுத்தத்தில், ஏறத்தாழ 2,200 லிட்டர் காற்று இருக்கும். பதற்றமில்லாத டைவர் தரைமட்டத்தில் நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 24 மீட்டரில் அது 68 லிட்டர். சிலிண்டர் 32 நிமிடம் வரும். 53 மீட்டரில் 126 லிட்டர். 17 நிமிடத்தில் சிலிண்டர் காலி. அதுவும் கடைசிச் சொட்டுவரை உறிஞ்சினால்! மேலே ஏறுவதற்கும், வழியில் நின்று உடலில் சேர்ந்த நைட்ரஜனை வெளியேற்றுவதற்கும் வேண்டிய காற்று இந்தக் கணக்கில் இல்லை. புதியவர் பயத்தில் 30 லிட்டர் இழுத்தால் அந்த 17 நிமிடம் 12 நிமிடத்துக்கும் கீழே போய்விடும்.

இது போதாதென்று 30 மீட்டரைத் தாண்டும்போது நைட்ரஜன் மூளையை மந்தமாக்கத் தொடங்குகிறது. சிலருக்குச் சிரிப்பு வரும், சிலருக்குக் காரணமில்லாத பயம் வரும். காற்று எவ்வளவு மிச்சம் என்று காட்டும் மீட்டரைப் பார்ப்பார்கள்; பார்த்தது மனதில் பதியாது. பொழுதுபோக்கு டைவிங்கின் எல்லையை 40 மீட்டரில் நிறுத்தியிருப்பதற்கு இவையெல்லாம் காரணம். ‘ஹெர்மிஸ்’ வரை போகிறவர்கள் இரட்டை சிலிண்டர், ஹீலியம் கலந்த காற்று, ஏறும்போது சுவாசிக்க ஆக்சிஜன் அதிகமுள்ள தனி சிலிண்டர் என்று தயாராகிப் போகும் தொழில்நுட்ப டைவர்கள்.

அட்டைக்குக் காலாவதி இல்லை

1966-ல் அமெரிக்காவில் தொடங்கிய ‘பேடி’தான் இன்று உலகெங்கும் அதிகம் காணப்படும் ஸ்கூபா அட்டையைத் தருகிறது. அதன் முதல் படியான ‘ஓப்பன் வாட்டர்’ பயிற்சியில் திறந்த நீரில் நான்கு டைவ் முடித்தால் அட்டை கிடைக்கும். இன்னும் ஐந்து டைவ் போட்டால் ‘அட்வான்ஸ்டு’. கூட்டிப் பாருங்கள், ஒன்பது! ஒன்பதே டைவ் போட்டவரின் கையில் ‘அட்வான்ஸ்டு’ அட்டை இருக்க முடியும். அதில் தவறில்லை, பயிற்சி தருபவர்கள் ஒளித்து எதையும் செய்யவில்லை. எட்டுப் போட்டு உரிமம் வாங்கியவரிடம் அன்று மாலையே கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் வண்டியோட்டச் சொன்னால் என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியும். கடலுக்கடியில் மட்டும் அந்த எச்சரிக்கை நமக்கு வருவதில்லை.

அட்டைக்குக் காலாவதி தேதி கிடையாது, கைப்பழக்கத்துக்கு உண்டு. ஐந்து வருடத்துக்கு முன் வாங்கிய அட்டையோடு வருபவருக்கு மாஸ்க்கில் புகுந்த தண்ணீரை வெளியேற்றுவதே மறந்திருக்கும். போட்ட டைவ்களைக் குறித்துவைக்கும் லாக் புக்கில் உள்ள எண்ணிக்கையும் முழுக் கதையைச் சொல்லாது. ஒரே அமைதியான விரிகுடாவில் போட்ட 100 டைவைவிட, நீரோட்டத்திலும் கலங்கல் நீரிலும் படகிலிருந்தும் கரையிலிருந்தும் போட்ட 30 டைவ் பல இடங்களில் அதிகம் கைகொடுக்கும்.

[பெட்டி] எந்த அட்டை, எத்தனை மீட்டர்?

• அட்டை இல்லாத அறிமுக டைவ்: 12 மீட்டர் வரை, பயிற்றுநர் கூடவே இருக்க வேண்டும்
• ஓப்பன் வாட்டர்: 18 மீட்டர்
• அட்வான்ஸ்டு: 30 மீட்டர்
• ஆழ்கடல் சிறப்புப் பயிற்சி: 40 மீட்டர்
• மாலத்தீவில் பொழுதுபோக்கு டைவிங்குக்கு விதிப்படி எல்லை: 30 மீட்டர்

‘பேடி’ அட்டவணைப்படி, நாளின் முதல் டைவில் நிறுத்தமில்லாமல் நேராக மேலே வர அனுமதிக்கும் நேரம்: 18 மீட்டரில் 56 நிமிடம், 30 மீட்டரில் 20 நிமிடம், 40 மீட்டரில் 9 நிமிடம்.

ஆழம் மட்டும்தான் ஆபத்தா?

இல்லை. ஓர் இடத்தின் கடினத்தை ஆறு விஷயங்கள் தீர்மானிக்கின்றன: ஆழம், நீரோட்டம், பார்வை எவ்வளவு தூரம் எட்டுகிறது, தலைக்கு மேல் கூரை உண்டா, இறங்கி ஏறும் வழி, உதவி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது. இவற்றில் ஒன்று கெட்டால் சமாளித்துவிடலாம். இரண்டு மூன்று சேர்ந்து கெடும்போதுதான் உயிர் போகிறது.

அந்தமானின் ஹேவ்லாக்கை, இன்றைய ஸ்வராஜ் தீவை, எடுத்துக்கொள்ளுங்கள். அங்குள்ள ‘நீமோ ரீஃப்’பில் கரையிலிருந்து நடந்தே இறங்கலாம். பயிற்றுநர் சிலிண்டரைப் பிடித்துக்கொள்ள, நீச்சல் தெரியாதவரும் மீன் பார்த்துவிட்டு வரலாம். அதே தீவிலிருந்து படகேறிப் போனால் ‘டிக்சன்ஸ் பினக்கிள்’. பாறைமுகடு தலைகாட்டுவதே சுமார் 18 மீட்டரில். அங்கிருந்து 30 மீட்டருக்கும் கீழே இறங்குகிறது. நீரோட்டம் வலுத்த நாளில் நங்கூரக் கயிற்றை விட்டால் பாறையைத் தவறவிட்டு நீலத்துக்குள் போய்விட வேண்டியதுதான். இரண்டுக்கும் ஒரே கடையில் பணம் கட்டலாம். விடுமுறைக்கு வந்தவருக்கு இரண்டும் ‘அந்தமான் ஸ்கூபா’தான்.

ஒரே இடத்துக்குள்ளேயே இரண்டு இடங்கள் இருப்பதும் உண்டு. எகிப்தின் தஹாப் நகரத்தருகே உள்ள ‘புளூ ஹோல்’ கரையை ஒட்டிய ஒரு நீலக்குழி. அதன் மேல்விளிம்பில் பவளம் பார்க்கக் குழந்தைகள்கூட மிதக்கிறார்கள். ஆனால், சுமார் 55 மீட்டருக்குக் கீழே குழியைக் கடலோடு இணைக்கும் ஒரு வளைவு இருக்கிறது. தண்ணீர் தெளிவு, அந்தப் பக்கத்து வெளிச்சம் கூப்பிடு தூரத்தில் இருப்பதுபோல் தெரியும். ஒற்றை சிலிண்டர் காற்றோடு அதைக் கடக்கப் பார்த்தவர்களின் பெயர்கள் கரைப் பாறையில் நினைவுப் பலகைகளாகப் பதிந்திருக்கின்றன. அவர்களில் தேர்ந்த பயிற்றுநர்களும் உண்டு. ஆக, இடத்தின் பெயருக்கு மட்டும் மதிப்பெண் போட்டால் போதாது; அன்றைய திட்டத்துக்கும் போட வேண்டும்.

ஆட்டுப் பண்ணைக்குள் 11 மரணங்கள்

இந்தப் பொருத்தம் பார்க்கும் வேலையை முறையாகச் செய்யத் தொடங்கிய முன்னோடிகளில் ஒன்று, கடலே இல்லாத ஓர் இடம். தெற்கு ஆஸ்திரேலியாவின் மவுண்ட் கேம்பியர் வட்டாரம் சுண்ணாம்புக்கல் நிலம். மேய்ச்சல் வெளியின் நடுவே திடீரென்று நிலம் உள்வாங்கி, கண்ணாடிபோல் தெளிந்த தண்ணீர் நிற்கும் குழிகள். கடலில் பழகிய டைவர்கள் 1960-களில் இங்கே வரத் தொடங்கினார்கள். 1969 முதல் 1974 வரை இந்தக் குழிகளிலும் குகைகளிலும் 11 பேர் இறந்தார்கள். 1973 மே மாதம் ‘தி ஷாஃப்ட்’ என்ற ஒரே குழியில், ஒரே நாளில், நான்கு பேர்.

அங்கே நீரோட்டம் இல்லை, அலை இல்லை. தண்ணீர் தெளிவாக இருந்ததே வினையாயிற்று. எவ்வளவு ஆழம் வந்துவிட்டோம் என்ற உணர்வே இல்லாமல் இறங்கிக்கொண்டே போனார்கள். நைட்ரஜன் மயக்கம் தலைக்கேறியது. திரும்பிவர வழிகாட்டும் கயிறு இல்லை. கால் பட்டு அடிவண்டல் கிளம்பினால், கையில் இருக்கும் மீட்டரையே பார்க்க முடியாது.

பண்ணைக்காரர்கள் கதவைச் சாத்தத் தொடங்கினார்கள். முழுத் தடை வந்துவிடும் என்ற நிலையில் டைவர்களே 1973 செப்டம்பரில் ஒரு சங்கம் அமைத்தார்கள்: ஆஸ்திரேலியக் குகை டைவர்கள் சங்கம். ஒவ்வொரு குழியையும் கடினத்துக்கேற்பத் தரம் பிரித்தார்கள். ஒவ்வொரு தரத்துக்கும் ஒரு தேர்வு வைத்தார்கள். தேர்வில் தேறாதவருக்கு அந்தத் தரக் குழிக்குள் அனுமதி இல்லை. நில உரிமையாளர் வாசலிலேயே நிறுத்திவிடலாம். அதன்பிறகு மரணம் அறவே நின்றுவிடவில்லை. ஆனால், ஐந்தாண்டில் பதினொன்று என்ற வேகம் திரும்பவே இல்லை.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ‘உங்களால் முடியுமா?’ என்று டைவரிடம் கேட்பதை அந்த ஊர் நிறுத்திக்கொண்டது. முடியும் என்று அவரே நிரூபித்துவிட்டு வரட்டும் என்றது.

டார்ச் இல்லாமல் வா

அமெரிக்காவின் ஃபுளோரிடாவிலும் நிலத்தடிக் குகைகள் ஏராளம். குகை டைவர் ஷெக் எக்ஸ்லி, நடந்த மரணங்களை ஒவ்வொன்றாக அலசி 1979-ல் ஒரு சிறு கையேட்டை வெளியிட்டார். வெளிவாசல் வரை தொடர்ச்சியான வழிகாட்டிக் கயிறு இல்லாதது, திரும்பிவரப் போதுமான காற்றை ஒதுக்காதது, அளவுக்கு மீறிய ஆழம்: திரும்பத் திரும்ப இவையே காரணங்களாக வந்து நின்றன. மூன்றில் ஒரு பங்கு காற்றில் உள்ளே போ, ஒரு பங்கில் வெளியே வா, ஒரு பங்கைத் தொடாதே என்ற விதி இன்றும் குகை டைவர்களுக்குப் பாலபாடம். அந்த எக்ஸ்லியே 1994-ல் மெக்சிகோவின் ‘சகாட்டோன்’ குழியில், ஆழச் சாதனைக்கு முயன்றபோது இறந்துபோனார். அனுபவம் எவ்வளவு இருந்தாலும், அதற்கு மேற்பட்ட இடம் ஒன்று எங்காவது இருக்கும்.

ஃபுளோரிடாவின் ‘ஜின்னி ஸ்பிரிங்ஸ்’ நீரூற்றில் உள்ள ஏற்பாடு இன்னும் சுவாரசியமானது. அங்கே ‘பால்ரூம்’ என்ற அகன்ற குகைக்கூடத்துக்குள் சாதாரண டைவர்களும் டார்ச்சோடு போகலாம். அதற்கப்பால் நீளும் சுரங்கத்தை இரும்புக் கிராதி அடைத்திருக்கிறது. பக்கத்தில் உள்ள ‘டெவில்ஸ்’ ஊற்றில் கிராதி இல்லை. அங்கே குகைப் பயிற்சி பெறாதவர் டார்ச்சே கொண்டுபோகக் கூடாது. வெளிச்சம் இல்லாமல் யாரும் இருட்டுக்குள் தூரம் போகமாட்டார்கள் என்ற எளிய மனோதத்துவம். டைவரின் தைரியத்தை அளக்க வழியில்லை. டார்ச்சைத் தடுக்க முடியும்.

நீதிமன்றம் பார்த்த சிறு பிசகு

குயின்ஸ்லாந்து கடலில், டவுன்ஸ்வில் நகரத்துக்குத் தென்கிழக்கே, ‘யோங்காலா’ என்ற பயணிகள் கப்பல் கிடக்கிறது. 1911 மார்ச்சில் புயலில் 122 பேரோடு மூழ்கியது. சுமார் 14 மீட்டரில் தொடங்கி 30 மீட்டர் வரை கிடக்கும் அதைச் சுற்றி மீன்கூட்டம் மொய்க்கும். உலகின் சிறந்த டைவ்களில் ஒன்று என்று சொல்வார்கள். திறந்த கடல் என்பதால் நீரோட்டம் வலுவாக இருக்கும்.

2003 அக்டோபரில், தேனிலவுக்கு வந்த ஓர் இளம் அமெரிக்கப் பெண் அங்கே முதல் டைவிலேயே இறந்தார். அந்த மரணம் தொடர்பான வழக்கு இரு நாடுகளில் நெடுங்காலம் நடந்தது. அதன் மற்றக் கிளைகள் நமக்கு இங்கே வேண்டாம். நமக்கு வேண்டியது ஒரு சிறு பகுதி. அவர் புதியவர், ஆழமான இடத்தில் பழக்கம் இல்லை. வழிகாட்டியான டைவ்மாஸ்டர் கூட வரும் அறிமுக டைவ் ஒன்று அவருக்கு வழங்கப்பட்டது. அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். படகு நிறுவனமும் விட்டுவிட்டது. தானே வகுத்த பாதுகாப்பு விதியைப் பின்பற்றவில்லை என்று அந்த நிறுவனத்துக்கு 6,500 ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விழுந்தது.

வாடிக்கையாளர் மறுக்கக்கூடிய பாதுகாப்பு ஏற்பாடு, ஏற்பாடே அல்ல. அவர் மறுத்தால் என்ன செய்வது என்பதுதான் உண்மையான விதி. அதற்கு விடை ஒன்றே: அப்படியானால் இன்று இந்த இடம் உங்களுக்கு இல்லை.

படகில் நடப்பது

அந்த வாக்கியத்தைச் சொல்வது லேசல்ல. படகில் எட்டுப் பேர். இருவரிடம் 200 டைவ். மூன்று பேரிடம் பத்துப் பத்து. மீதி மூவர் அட்டை வாங்கியதோடு சரி. படகுக்கு ஒரே இடம். அனுபவசாலிகள் ‘டிக்சன்ஸ்’ கேட்கிறார்கள். முன்பணம் வாங்கியாயிற்று. மறுத்தால் பக்கத்துக் கடைக்குப் போவார்கள். போகிற போக்கில் கூகுளில் ஒற்றை நட்சத்திரமும் வைத்துவிட்டுப் போவார்கள். ‘எத்தனை டைவ் பண்ணியிருக்கீங்க?’ என்ற கேள்விக்கு இருபதை ஐம்பது என்று சொல்பவரும் உண்டு. இத்தனைக்கும் நடுவில் முடிவெடுப்பவர், பெரும்பாலும், சம்பளத்துக்கு வேலை பார்க்கும் ஓர் இளம் டைவ்மாஸ்டர்.

பொருத்தம் தவறினால் நடப்பதை வரிசையாகச் சொல்லலாம். புதியவரின் காற்று மற்றவர்களுடையதைவிடப் பாதி நேரத்தில் தீரும். மொத்தக் குழுவின் டைவும் முடியும். அது நல்ல விளைவு. கெட்டது இப்படி: காற்று தீர்கிறதே என்று பயந்து அவர் மேலே பாய்கிறார். 10 மீட்டரிலிருந்து மேல்மட்டத்துக்கு வரும்போது நுரையீரலில் உள்ள காற்று இரண்டு மடங்காக விரியும். மூச்சைப் பிடித்துக்கொண்டு வந்தால் நுரையீரல் கிழியும். காற்றுக்குமிழ் ரத்தத்தில் கலந்து மூளைக்குப் போகும். இதற்கு 50 மீட்டர் ஆழம் தேவையில்லை. அறிமுக டைவின் ஆழமே தாராளம்.

அப்படி ஆனவரை அழுத்த அறைக்குள் வைத்துச் சிகிச்சை தர வேண்டும். அந்த அறை தீவுக்குத் தீவு இருப்பதில்லை. படகில் ஏற்றி, கரை சேர்த்து, அங்கிருந்து மீண்டும் கடல் தாண்டிக் கொண்டுபோக வேண்டும். தாழப் பறக்காத விமானத்தில் ஏற்றினால் நிலைமை இன்னும் மோசமாகும்.

பவளப்பாறைக்கும் இதில் கேடு உண்டு. மிதப்பைக் கட்டுப்படுத்தத் தெரியாதவர் அடியில் மோதாமல் இருக்கக் காலால் உதைக்கிறார். ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் மட்டுமே வளரும் பவளக்கிளை ஒரு ஃபின் அடியில் ஒடிகிறது.

பத்து நிமிடச் சோதனை

இவ்வளவையும் கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஆழமில்லாத இடத்தில் ஒரு செக் டைவ் போதும். நல்ல டைவ்மாஸ்டர் படகிலேயே பார்க்கத் தொடங்கிவிடுவார். ரெகுலேட்டரைத் தானே மாட்டுகிறாரா, சிலிண்டர் வால்வைத் திறந்தபின் மீட்டரைப் பார்க்கிறாரா? தண்ணீருக்குள் மாஸ்க்கைப் பாதி நிரப்பி வெளியேற்றச் சொல்வார். அடியைத் தொடாமல், மேலேயும் போகாமல், ஒரே உயரத்தில் ஒரு நிமிடம் நிற்கச் சொல்வார். கைகளைத் துடுப்புபோல் வீசிக்கொண்டே இருந்தால் மிதப்புக் கட்டுப்பாடு இன்னும் கைவரவில்லை. 200 பாரில் தொடங்கியவர் பத்து நிமிடத்தில் எங்கே நிற்கிறார் என்று குறித்துக்கொள்வார். கட்டைவிரலை உயர்த்திக் காட்டினால் ‘சூப்பர்’ என்று அர்த்தமில்லை, ‘மேலே போவோம்’ என்று அர்த்தம். அதிலேயே பலர் மாட்டிக்கொள்வார்கள். இந்தப் பத்து நிமிடம் அட்டையும் லாக் புக்கும் சொல்லாததைச் சொல்லிவிடும்.

பிரான்சில் ஒரு தாள்

பிரான்சில் இது டைவ்மாஸ்டரின் நல்ல மனதை நம்பி விடப்படவில்லை. அங்குள்ள விளையாட்டுச் சட்டத்தொகுப்பின்படி, ஏற்பாடு செய்யப்படும் டைவுக்கு ‘டைவ் இயக்குநர்’ ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். டைவர்களின் தகுதி இரண்டு வரிசையாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது: வழிகாட்டியோடு போகத் தக்கவர், தானாகப் போகத் தக்கவர். இரண்டிலும் 12, 20, 40, 60 மீட்டர் என்று எல்லைகள். யார் யாரோடு, எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம் என்று பாதுகாப்புத் தாளில் எழுதிவிட்டுத்தான் இறங்க வேண்டும். 40 மீட்டர்வரை வழிகாட்டியோடு போகலாம் என்று இருப்பவர், தனியாக 20 மீட்டருக்கு மட்டுமே தகுதியானவராக இருக்கலாம். ‘ஆழம் போயிருக்கிறேன்’ என்பதும் ‘ஆழத்தில் என்னைப் பார்த்துக்கொள்வேன்’ என்பதும் வேறு வேறு என்று அந்தத் தாளுக்குத் தெரிந்திருக்கிறது.

இங்கே என்ன செய்யலாம்?

அந்தமானிலும் புதுச்சேரியிலும் நல்ல டைவ் நிலையங்கள் இந்தப் பொருத்தத்தைத் தாங்களாகவே பார்க்கின்றன. ஆனால், ஒரு கடை மறுத்தவரை அடுத்த கடை ஏற்றிக்கொண்டால், மறுத்த கடைக்கு நஷ்டம் மட்டுமே மிச்சம். மவுண்ட் கேம்பியர் பலித்ததற்குக் காரணம், ‘வேண்டாம்’ என்பது ஒரு கடையின் குரலாக இல்லாமல் வட்டாரத்தின் குரலாக இருந்ததுதான்.

அதற்கு மூன்று காரியங்கள் வேண்டும். ஒவ்வொரு தீவிலும் கடற்கரையிலும் உள்ள நிலையங்கள் கூடி, தங்கள் டைவ் இடங்களுக்குப் பொதுவான ஒரு தரப்பட்டியல் போட வேண்டும்; நீரோட்டம் மாறும் நாளில் தரம் உயர வேண்டும். முதல் நாள் செக் டைவ், 200 டைவ் போட்டவருக்கும் விலக்கில்லாமல் இருக்க வேண்டும். தகுதியில்லாததால் மறுக்கப்பட்டவருக்கு, அதே பணத்தில் அவருக்கேற்ற இடம் தர வேண்டும். அப்போதுதான் மறுப்பது கடைக்கும் வலிக்காது, வாடிக்கையாளரும் பொய் சொல்ல மாட்டார்.

இவையெல்லாம் வரும்வரை பொறுப்பு நம் பக்கம்தான். பணம் கட்டும்முன் கேட்க வேண்டியதைக் கேளுங்கள். உங்கள் லாக் புக்கைப் புரட்டிப் பார்க்காமல் ‘எங்க வேணும்னாலும் போலாம் சார்’ என்று சொல்லும் கடையிலிருந்து எழுந்து வந்துவிடுங்கள். ‘உங்களுக்கு இன்னிக்கு இந்த இடம் வேண்டாம்’ என்று சொல்லும் கடையில் அடுத்த வருடத்துக்கும் சேர்த்துப் பதிவு செய்யுங்கள்.

[பெட்டி] படகேறும் முன் கேளுங்கள்

• இன்றைய இடத்தின் அதிகபட்ச ஆழம் என்ன? என் அட்டைக்குள் வருகிறதா?
• இப்போது நீரோட்டம் எப்படி? திரும்பும்போது எப்படி இருக்கும்?
• ஒரு டைவ்மாஸ்டருக்கு எத்தனை பேர்? எங்கள் குழுவில் மிகக் குறைந்த அனுபவம் யாருக்கு?
• எத்தனை பாரில் திரும்புகிறோம்?
• படகில் ஆக்சிஜன் இருக்கிறதா? அருகில் உள்ள அழுத்த அறை எங்கே?
• கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் இடையே 18 மணி நேரமாவது இருக்கிறதா?
• நடுவில் வேண்டாம் என்று தோன்றி நான் கட்டைவிரலை உயர்த்தினால், காரணம் கேட்காமல் மேலே கூட்டி வருவீர்களா?